மானிட்டரில் விழும் நான்காம் பரிமாண நிழல்

எக்செல் ஒர்க்ஷீட் ஒன்றும் அரை மணி நேரமும் இருந்தால் போதும். நாற்பரிமாணக் கனசதுரம் ஒன்றை நீங்களே உருவாக்கிச் சுழற்றிப் பார்க்கலாம். அந்த நிழலை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதையும் அதே ஒர்க்ஷீட்டில் சோதிக்கலாம்.

விண்டோஸ் 98, எக்ஸ்பி பயன்படுத்தியவர்களுக்கு '3டி பைப்ஸ்' என்ற ஸ்கிரீன் சேவர் நினைவிருக்கும். கம்ப்யூட்டரைச் சற்று நேரம் தொடாமல் விட்டால் போதும். வண்ண வண்ணக் குழாய்கள் திரைக்குள் வளைந்து வளைந்து ஓடி, ஒன்றின் பின் ஒன்று மறைந்து, கடைசியில் திரையையே நிரப்பிவிடும். அந்தக் குழாய்கள் மானிட்டருக்குள் எவ்வளவு ஆழத்தில் இருந்தன? ஆழமே கிடையாது. திரை தட்டையானது. அதில் இருப்பவை இடம் வலம், மேல் கீழ் என்ற இரண்டு திசைகள் மட்டுமே. நாம் பார்த்தது முப்பரிமாணக் குழாய்களின் தட்டையான நிழலை.

இன்று நாம் விளையாடும் எந்த 3டி கேமும் இப்படித்தான். மூன்று திசைகளில் உள்ள ஒரு பொருளை இரண்டு திசைகளுக்குள் அடக்கும் கணக்கிற்கு 'புரொஜக்ஷன்' என்று பெயர். மூன்றை இரண்டில் அடக்க ஒரு கணக்கு இருக்கிறது என்றால், நான்கை மூன்றில் அடக்கவும் அதே கணக்கைப் பயன்படுத்தலாம் அல்லவா? தாராளமாகப் பயன்படுத்தலாம். நான்காவது பரிமாணம் என்றவுடன் காலம், ஆவி உலகம் என்று எங்கெங்கோ போய்விடுகிறார்கள். இங்கே அதெல்லாம் வேண்டாம். ஒரு புள்ளியைக் குறிக்க மூன்று எண்களுக்குப் பதில் நான்கு எண்கள், அவ்வளவுதான்.

முதலில் ஒரு டார்ச் லைட்

கம்ப்யூட்டரை ஆன் செய்வதற்கு முன் ஒரு சின்னச் சோதனை. துடைப்பத்தின் ஈர்க்குச்சிகள் 12 எடுத்து ஒரே நீளமாக நறுக்கி, முனைகளைக் களிமண்ணாலோ பசையாலோ ஒட்டி ஒரு கனசதுரக் கூடு செய்துகொள்ளுங்கள். அறையை இருட்டாக்கி, மொபைல் போனின் டார்ச்சைக் கூட்டிற்கு அருகில் பிடித்து, சுவரில் விழும் நிழலைப் பாருங்கள்.

டார்ச்சுக்கு நேராகக் கூட்டைப் பிடித்தால், ஒரு பெரிய சதுரத்திற்குள் ஒரு சிறிய சதுரம் தெரியும். இரண்டின் மூலைகளையும் நான்கு சாய்கோடுகள் இணைக்கும். டார்ச்சுக்கு அருகில் உள்ள முகத்தின் நிழல் பெரிது. தள்ளி உள்ள முகத்தின் நிழல் சிறிது. ஆனால் கூட்டில் உள்ள ஆறு முகங்களும் ஒரே அளவுதான் என்பது செய்த உங்களுக்குத் தெரியும்.

இப்போது கூட்டை மெதுவாகத் திருப்புங்கள். உள்ளே இருந்த சிறிய சதுரம் நகர்ந்து, சாய்ந்து, பெரிதாகி, வெளிச் சதுரமாகவே ஆகிவிடும். வெளியே இருந்தது சுருங்கி உள்ளே போய்விடும். சுவரிலேயே வாழும் ஒரு தட்டையான பூச்சி இதைப் பார்த்தால், சதுரம் ஒன்று ரப்பர் போல இழுபட்டு உள்ளும் வெளியுமாகப் புரள்கிறது என்றுதான் நினைக்கும். எதுவும் இழுபடவில்லை, குச்சிகள் திரும்பின, அவ்வளவே. இந்தக் காட்சியை நன்றாக மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்து வருவதற்கு இது மட்டும் போதும்.

நான்கு பிட்டில் 16 முனைகள்

கனசதுரத்தின் மையத்தைப் பூஜ்யமாக வைத்தால், ஒவ்வொரு முனையும் எக்ஸ், ஒய், இசட் என்ற மூன்று எண்களால் குறிக்கப்படும். ஒவ்வொன்றும் +1 அல்லது -1. ஆகவே 8 முனைகள். இதனுடன் டபிள்யூ என்று நான்காவதாக ஓர் எண்ணைச் சேர்த்தால் 16 முனைகள் கிடைக்கும். இதுதான் நாற்பரிமாணக் கனசதுரம். 'டெசராக்ட்' என்று சொல்வார்கள். ஏதாவது ஓர் எண் மட்டும் மாறுபடும் இரண்டு முனைகளைக் கோட்டால் இணைத்தால் மொத்தம் 32 விளிம்புகள். சதுர முகங்கள் 24. நம் சாதாரணக் கனசதுரத்தை 6 சதுரங்கள் மூடியிருப்பது போல, இதை 8 கனசதுரங்கள் மூடியிருக்கின்றன.

கம்ப்யூட்டர்காரர்களுக்கு இதில் ஒரு வசதி உண்டு. 16 முனைகள் என்றால் 0 முதல் 15 வரை, அதாவது சரியாக நான்கு பிட். முனையின் பெயரே அதன் முகவரி. எடுத்துக்காட்டாக 13-ஆம் முனையைப் பாருங்கள். பைனரியில் அது 1101. இடமிருந்து வலமாக டபிள்யூ, இசட், ஒய், எக்ஸ் என்று வைத்து, 0 வரும் இடத்தில் -1 என்று எழுதுங்கள். டபிள்யூ +1, இசட் +1, ஒய் -1, எக்ஸ் +1. முடிந்தது.

இனி எக்செல். லிப்ரே ஆபிஸ் கால்க் வைத்திருப்பவர்களும் அப்படியே செய்யலாம். முதல் வரிசையைத் தலைப்புக்கு விட்டுவிட்டு, ஏ பத்தியில் 0 முதல் 15 வரை எழுதுங்கள். பி, சி, டி, இ பத்திகளில் முறையே எக்ஸ், ஒய், இசட், டபிள்யூ மதிப்புகளை நிரப்புங்கள். எல்1 செல்லில் கோணம் வரட்டும். இப்போதைக்கு 0 என்று டைப் செய்திடுங்கள். எக்செல் கோணத்தை ரேடியனில்தான் எதிர்பார்க்கும் என்பதால், சைன், காஸ் போடும் இடத்தில் எல்லாம் 'ரேடியன்ஸ்' பங்ஷனுக்குள் எல்1-ஐக் கொடுங்கள். டாலர் குறி போட்டுப் பூட்டிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் கீழே இழுக்கும்போது எல்2, எல்3 என்று மாறிவிடும்.

எஃப் பத்தியில் சுழற்றிய எக்ஸ்: எக்ஸை காஸால் பெருக்கி, அதிலிருந்து டபிள்யூவை சைனால் பெருக்கியதைக் கழிக்க வேண்டும். ஜி பத்தியில் சுழற்றிய டபிள்யூ: எக்ஸை சைனால் பெருக்கி, டபிள்யூவை காஸால் பெருக்கி, இரண்டையும் கூட்ட வேண்டும். ஒய், இசட் இரண்டையும் தொடவே இல்லை என்பதைக் கவனியுங்கள். பம்பரம் ஒரு கோட்டைச் சுற்றிச் சுழலும். நான்கு பரிமாணத்தில் ஒரு பொருள் ஒரு முழுத் தளத்தைச் சுற்றிச் சுழல முடியும். கற்பனைக்கு எட்டாத இந்த வாக்கியம் எக்செலில் இரண்டு பத்திகள்தான்.

எச் பத்தியில் 3-லிருந்து சுழற்றிய டபிள்யூவைக் கழியுங்கள். டார்ச் வெளிச்சத்தின் வேலையைச் செய்வது இந்தப் பத்திதான். வெளிச்சம் டபிள்யூ திசையில் 3 அலகு தூரத்தில் இருக்கிறது. ஒவ்வொரு முனையும் அதிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பது எச் பத்தியில் வருகிறது. மற்ற மூன்று எண்களையும் இதால் வகுத்தால் நாற்பரிமாணப் பொருளின் முப்பரிமாண நிழல் கிடைத்துவிடும்.

அந்த முப்பரிமாண நிழலைத் தட்டையான திரைக்குக் கொண்டுவர இன்னொரு நிழல் தேவை. அதற்குப் பள்ளி நோட்டில் கனசதுரம் வரைந்த பழைய முறையே போதும். சாய்வாக ஒரு தள்ளு. ஐ பத்தியில், எஃப் மதிப்புடன் இசட்டில் 0.4 மடங்கைக் கூட்டி எச்-ஆல் வகுங்கள். ஜே பத்தியில், ஒய் மதிப்புடன் இசட்டில் 0.3 மடங்கைக் கூட்டி எச்-ஆல் வகுங்கள். ஐ, ஜே இரண்டும்தான் திரையில் புள்ளியின் இடம்.

கையை எடுக்காமல் ஒரே கோடு

புள்ளிகள் தயார். 32 கோடுகளை எப்படி வரைவது? எக்செல் சார்ட்டில் 32 தனித்தனிக் கோடுகளைச் சேர்ப்பது பெரிய தலைவலி. இங்கே டெசராக்டின் ஓர் அழகான குணம் கைகொடுக்கிறது. பேனாவை எடுக்காமல், போன கோட்டில் மறுபடி போகாமல் ஒரு படத்தை வரைந்து தொடங்கிய இடத்திற்கே வர வேண்டும் என்றால், ஒவ்வொரு புள்ளியிலும் இரட்டைப்படையில் கோடுகள் சேர வேண்டும். சாதாரணக் கனசதுரத்தில் ஒவ்வொரு முனையிலும் மூன்று கோடுகள், அதனால் முடியாது. டெசராக்டில் நான்கு கோடுகள், முடியும். நாற்பரிமாணப் பொருளை வரைவது முப்பரிமாணப் பொருளை வரைவதை விட எளிதாக இருக்கும் அபூர்வமான இடம் இது.

பாதை இதோ. எம் பத்தியில் இந்த 33 எண்களையும் ஒன்றன் கீழ் ஒன்றாக டைப் செய்திடுங்கள்:

0, 1, 3, 2, 6, 4, 5, 7, 15, 14, 12, 13, 9, 11, 10, 8, 0, 4, 12, 8, 9, 1, 5, 13, 15, 11, 3, 7, 6, 14, 10, 2, 0

என், ஓ பத்திகளில் 'விலுக்அப்' பங்ஷன் மூலம் அந்தந்த முனையின் ஐ, ஜே மதிப்புகளைக் கொண்டுவாருங்கள். என், ஓ இரண்டையும் தேர்ந்தெடுத்து, நேர்கோடுகளுடன் கூடிய ஸ்கேட்டர் சார்ட்டை இன்செர்ட் செய்திடுங்கள். வளைகோடு வேண்டாம். இரு அச்சுகளின் எல்லையையும் -1 முதல் 1 வரை என்று நீங்களே நிர்ணயித்துவிடுங்கள். இல்லாவிட்டால் எக்செல் ஒவ்வொரு முறையும் அளவை மாற்றிக் குழப்பும்.

திரையில் தெரிவது பெட்டிக்குள் பெட்டி. சுவரில் சதுரத்திற்குள் சதுரம் தெரிந்ததே, அதன் அடுத்த படி இது. கணக்கைப் பாருங்கள். டபிள்யூ +1 ஆக உள்ள முனைகளுக்கு எச் மதிப்பு 2. அதாவது பாதியாகச் சுருங்கும். டபிள்யூ -1 என்றால் எச் மதிப்பு 4. கால் பங்காகச் சுருங்கும். எனவே உள் பெட்டி வெளிப் பெட்டியில் சரிபாதி. ஆனால் இரண்டும் நிஜத்தில் ஒரே அளவு. இரண்டையும் இணைக்கும் வெட்டுப்பட்ட பிரமிடு போன்ற ஆறு உருவங்களும் அசல் கனசதுரங்களே. பெட்டிகள் இரண்டு, இடையில் ஆறு. மொத்தம் எட்டு.

எல்1 செல்லில் 10, 20, 30 என்று மாற்றி மாற்றி என்டர் தட்டுங்கள். சிரமமாக இருந்தால் டெவலப்பர் டேபில் உள்ள ஸ்க்ரோல் பாரைச் செருகி, 0 முதல் 360 வரை என்று கொடுத்து எல்1-உடன் இணைத்துவிடுங்கள். பட்டையை இழுத்தால் உள் பெட்டி வெளியேறும், வெளிப் பெட்டி உள்ளே வழியும். தொடக்கத்தில் வெளியே இருந்தவை 8 முதல் 15 வரையிலான முனைகள். 90 டிகிரியில் படம் பழையபடியே இருக்கும். ஆனால் வெளியே இருப்பவை ஒற்றைப்படை முனைகள். 180 டிகிரியில் 0 முதல் 7 வரையிலானவை வெளியே வந்து, முழுக் கூடும் உள்வெளியாகப் புரண்டிருக்கும். ரப்பர் போலத் தெரிகிறதா? சுவர்ப் பூச்சியின் இடத்தில் இப்போது நாம் இருக்கிறோம்.

3டி கேம்களில் கிராபிக்ஸ் கார்டு செய்வதும் கிட்டத்தட்ட இதே வேலைதான். ஒவ்வொரு புள்ளியையும் எக்ஸ், ஒய், இசட், டபிள்யூ என்ற நான்கு எண்களாகவே அது சுமந்து சென்று, கடைசியில் டபிள்யூவால் வகுக்கிறது. அங்கே டபிள்யூ என்பது ஒரு திசையல்ல, கணக்கு வசதிக்கான எண். ஆனாலும் வகுத்தல் அதே வகுத்தல்தான்.

வெயிலில் விழும் நிழல்

டார்ச் நிழல் கண்ணுக்கு விருந்து. ஆனால் தூரங்களை அது இஷ்டத்திற்கு மாற்றும். சூரியன் வெகு தொலைவில் இருப்பதால், அதன் கதிர்கள் ஒன்றுக்கொன்று இணையாக வருவதாகவே கொள்ளலாம். அத்தகைய கதிர்களுக்கு நேர்குத்தாக ஒரு அட்டையைப் பிடித்து அதில் விழும் நிழலுக்கு ஒழுங்கான விதி ஒன்று இருக்கிறது: இரண்டு புள்ளிகளுக்கு இடையிலான தூரம் நிழலில் குறையலாம், அப்படியே இருக்கலாம்; ஒருபோதும் கூடாது.

இதன் விளைவைச் சற்று யோசியுங்கள். நிழலில் இரண்டு புள்ளிகள் தள்ளி இருந்தால், நிஜத்திலும் அவை குறைந்தது அவ்வளவு தள்ளி இருக்கின்றன. இது உறுதி. நிழலில் இரண்டும் ஒட்டி இருந்தால்? எதுவும் சொல்ல முடியாது. நிஜத்திலும் ஒட்டி இருக்கலாம். ஒன்றின் பின் ஒன்றாக வெகு தூரத்தில் நிற்கவும் செய்யலாம்.

எக்செலில் இதைப் பார்ப்பது சுலபம். எச் பத்தியில் உள்ள பார்முலாவை அழித்துவிட்டு எல்லா வரிசையிலும் வெறும் 3 என்று எழுதுங்கள். முப்பரிமாணத்தில் விழும் நிழல் வெயில் நிழலாகிவிட்டது. கோணத்தை 0-வில் வையுங்கள். பெட்டிக்குள் பெட்டி போய், ஒரே ஒரு சாதாரணப் பெட்டி மட்டும் தெரியும். 16 முனைகளும் எட்டு ஜோடிகளாக ஒன்றன் மேல் ஒன்று உட்கார்ந்துவிட்டன. 0-ஆம் முனையும் 8-ஆம் முனையும் நிஜத்தில் ஒரு முழு விளிம்பு தூரம் தள்ளியவை. நிழலில் ஒரே புள்ளி.

இதைவிட மோசமான நிலையும் உண்டு. டெசராக்டின் மிக நீண்ட மூலைவிட்டத்தின் வழியாக, அதாவது 0-விலிருந்து 15-ஐ நோக்கி வெளிச்சம் விழுவதாக வையுங்கள். முப்பரிமாணத்தில் விழும் நிழல் 12 சாய்சதுரங்களால் ஆன அழகான ஒரு திண்மம். கார்னெட் கற்கள் இயற்கையில் இந்த வடிவத்தில் படிகமாவதுண்டு. 16 முனைகளில் 14 வெளிப்புறத்தில் இருக்கும். மீதி இரண்டும் நட்ட நடுவில் ஒரே இடத்தில் இருக்கும். அவை எவை என்றால், 0 மற்றும் 15. மொத்த உருவத்திலேயே ஒன்றிலிருந்து ஒன்று மிகத் தொலைவில் உள்ள இரண்டு முனைகள் நிழலில் ஒன்றாகிவிட்டன!

நிழலைப் பற்றிய இன்னொரு செய்தியைச் சொல்லாமல் விட மனமில்லை. ஓர் அலகு பக்கமுள்ள கனசதுரத்தை எப்படிச் சாய்த்துப் பிடித்தாலும், உச்சி வெயிலில் தரையில் விழும் நிழலின் பரப்பும், கனசதுரத்தின் அடிமுனைக்கும் மேல்முனைக்கும் இடையிலான உயரமும் ஒரே எண்ணாக இருக்கும். தட்டையாக வைத்தால் இரண்டும் 1. ஒரு விளிம்பில் 45 டிகிரி சாய்த்து நிறுத்தினால் இரண்டும் 1.414. மூலையில் நேராக நிறுத்தினால் இரண்டும் 1.732. டெசராக்டிலும் முப்பரிமாண நிழலின் கன அளவும் நான்காவது திசையில் அதன் உயரமும் சமம். கணித அறிஞர் பீட்டர் மெக்முல்லன் எல்லாப் பரிமாணங்களுக்கும் சேர்த்து இதன் பொது வடிவத்தை 1984-இல் வெளியிட்டார்.

கட் ஆஃப் மார்க்கும் ஒரு நிழல்தான்

இதெல்லாம் கணிதப் பிரியர்களின் விளையாட்டு, வீட்டுக் கம்ப்யூட்டர்காரருக்கு எதற்கு என்று கேட்கலாம். ப்ளஸ் டூ படிக்கும் பிள்ளை உள்ள வீட்டில் அப்படிக் கேட்க முடியாது.

தமிழகத்தில் இன்ஜினியரிங் சேர்க்கைக்கான கட் ஆஃப் 200-க்குக் கணக்கிடப்படுகிறது. கணித மார்க் 100-க்கு அப்படியே. இயற்பியலும் வேதியியலும் பாதிப் பாதி. ஒரு மாணவர் என்பது இங்கே மூன்று எண்கள், முப்பரிமாணத்தில் ஒரு புள்ளி. கட் ஆஃப் என்பது அந்தப் புள்ளி ஒரு கோட்டின் மேல் வீழ்த்தும் வெயில் நிழல். கணிதத்தில் 100, மற்ற இரண்டிலும் 80 எடுத்தவருக்குக் கட் ஆஃப் 180. கணிதத்தில் 80, மற்ற இரண்டிலும் 100 எடுத்தவருக்கும் 180. பலத்திலும் பலவீனத்திலும் நேர் எதிரான இருவர், பட்டியலில் ஒரே புள்ளி. சமன் வந்தால் கணித மார்க்கைப் பார்த்து முதலாமவரை முன்னே வைக்கிறார்கள். அது இன்னொரு திசையிலிருந்து அடித்துப் பார்க்கும் இரண்டாவது வெளிச்சம்.

வரிசைப்படுத்த ஒற்றை எண் தேவைதான். அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் 180-உம் 180-உம் சமம் என்பதிலிருந்து இரு பிள்ளைகளும் ஒரே மாதிரி என்று வீட்டில் முடிவு கட்டினால், 0-வும் 15-உம் ஒரே முனை என்று சொல்வதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

பெரிய அளவில் இதே சிக்கல் இன்றைய ஏ.ஐ. துறையில் தினமும் வருகிறது. கூகுள் 2018-இல் வெளியிட்ட 'பெர்ட்' என்ற மொழி மாடலின் அடிப்படை வடிவம், ஒரு வாக்கியத்தில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் 768 எண்களாக மாற்றுகிறது. அதாவது 768 பரிமாணத்தில் ஒரு புள்ளி. அதை யாரும் பார்க்க முடியாது. எனவே இரண்டு பரிமாணத்திற்கு இறக்கி, வண்ணப் புள்ளிகளாகப் படம் போடுகிறார்கள். கட்டுரைகளில், விளக்கக் கூட்டங்களில் இத்தகைய படங்களை நீங்கள் பார்த்திருக்கலாம். "இந்தக் கூட்டமும் அந்தக் கூட்டமும் எவ்வளவு நெருக்கம் பாருங்கள்" என்று ஒருவர் லேசர் விளக்கால் சுட்டிக் காட்டுவார். படத்தை எந்த முறையில் இறக்கினார்கள் என்பதைக் கேட்காமல் தலையாட்டக் கூடாது.

கார்ல் பியர்சன் 1901-இல் முன்வைத்த முறை ஒன்று உண்டு. 'பிசிஏ' என்று இன்று அழைக்கப்படும் அது நேர்மையான வெயில் நிழல். புள்ளிகள் அதிகமாகப் பரவித் தெரியும் திசையாகப் பார்த்து வெளிச்சம் அடிக்கும். அதில் தள்ளித் தெரிபவை நிஜமாகவே தள்ளியவை. 2008-இல் வந்த 'டி-எஸ்என்இ' என்ற முறையோ நிழலே அல்ல. அக்கம்பக்கத்துப் புள்ளிகளை அக்கம்பக்கமாகவே வைக்க வேண்டும் என்பதற்காக மற்ற தூரங்களை வளைத்து நெளிக்கும். படம் பார்க்க மிக அழகாக இருக்கும். ஆனால் கூட்டங்களுக்கு இடையிலான தூரத்தையும் கூட்டங்களின் அளவையும் வைத்து அதில் எந்த முடிவுக்கும் வரக்கூடாது. என்னைக் கேட்டால், முதலில் பிசிஏ படத்தைக் காட்டச் சொல்லிவிட்டு, அதன் பிறகே இரண்டாவதைப் பார்ப்பேன்.

ஒரு நிழல் போதாது என்றால் பல நிழல்களை எடுப்பதுதான் வழி. சாதாரண எக்ஸ்ரே ஒரே ஒரு நிழல். முன்னால் உள்ள எலும்பும் பின்னால் உள்ள கட்டியும் ஒன்றன் மேல் ஒன்றாக விழும். இங்கிலாந்தின் இஎம்ஐ நிறுவனத்தில் காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் உருவாக்கிய ஸ்கேனர், 180 கோணங்களில், கோணத்திற்கு 160 அளவீடுகள் என்று நிழல்களை எடுத்து, அவற்றிலிருந்து தலையின் உட்புறத்தைக் கம்ப்யூட்டரில் கணக்கிட்டது. 1971 அக்டோபர் 1-ஆம் தேதி லண்டன் அட்கின்சன் மோர்லி மருத்துவமனையில் முதல் நோயாளிக்கு ஸ்கேன் எடுக்கப்பட்டது. இன்று நாம் சர்வசாதாரணமாகச் சொல்லும் சிடி ஸ்கேன் அதுதான். 1979-இல் ஹவுன்ஸ்ஃபீல்டும், தனியாக இதே கணக்கைப் போட்டிருந்த ஆலன் கார்மக்கும் நோபல் பரிசு பெற்றார்கள். நீங்கள் ஸ்க்ரோல் பாரை இழுத்து டெசராக்டைச் சுழற்றும்போது உங்கள் மூளை செய்ய முயல்வதும் இதைத்தான்.

ஒரே குடும்பம்

டி-எஸ்என்இ முறையை உருவாக்கியவர்கள் இருவர். ஒருவர் லாரன்ஸ் வான் டெர் மாட்டன். மற்றவர் 2024-இல் இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜெஃப்ரி ஹின்டன். இந்த இரண்டாவது பெயருக்குப் பின்னால் ஒரு சுவையான கதை இருக்கிறது.

'டெசராக்ட்' என்ற சொல்லை 1888-இல் ஒரு புத்தகத்தில் முதலில் பயன்படுத்தியவர் சார்லஸ் ஹோவர்ட் ஹின்டன் என்ற ஆங்கிலேயர். ஜெஃப்ரியின் கொள்ளுத் தாத்தா! வண்ணம் பூசிய சிறு சிறு கட்டைகளை அடுக்கி, பெயர் வைத்து, மனப்பாடம் செய்தால் நான்காவது பரிமாணத்தை மனக்கண்ணில் பார்க்கப் பழகலாம் என்று அவர் நம்பினார். ஜப்பானில் வேலை பார்த்தபோது, தன் பிள்ளைகள் முப்பரிமாணத்திலாவது நன்றாகப் பழகட்டும் என்று மூங்கிலால் ஒரு சட்டக்கூடு கட்டி ஏறி இறங்கச் செய்தார். அவருடைய மகன் செபாஸ்டியன் அதே யோசனைக்கு 1920-களில் அமெரிக்காவில் காப்புரிமை பெற்றார். இன்று பூங்காக்களில் குழந்தைகள் ஏறி விளையாடும் கம்பிக் கூடு அப்படி வந்ததுதான். அமெரிக்காவில் பிரின்ஸ்டனில் ஆசிரியராக இருந்தபோது, வெடிமருந்தால் பேஸ்பால் பந்தை வீசும் துப்பாக்கி ஒன்றையும் இந்தச் சார்லஸ் செய்தார். மனிதர் ஓரிடத்தில் உட்காரும் ரகமில்லை.

சார்லஸின் மனைவி மேரி எலன். அவருடைய தந்தை ஜார்ஜ் பூல். ஆம், 'பூலியன்' என்று எல்லாப் புரோகிராமரும் தினமும் டைப் செய்யும் அந்தப் பூல்தான். 0, 1 என்ற இரண்டே மதிப்புகளில் தர்க்கத்தைக் கணக்காக்கியவர். அவர் வீட்டு மருமகன் பெயர் வைத்த உருவத்திற்கு நான்கு பிட் எண்கள் கச்சிதமாகப் பொருந்துவதைச் சற்று முன் பார்த்தோம்.

ஆனால் இந்தக் குடும்பத்தில் எனக்கு மிகவும் பிடித்தவர் மேரியின் தங்கை அலிசியா. தந்தை இறந்தபோது அவருக்கு நான்கு வயது. கல்லூரிப் படிப்பு கிடையாது. அக்கா கணவர் கொண்டுவந்த வண்ணக் கட்டைகளைப் பார்த்தே நான்கு பரிமாணத்தில் யோசிக்கப் பழகிக்கொண்டார். அவர் நிழலை விட்டுவிட்டு வெட்டுத் துண்டுகளைப் பிடித்தார். தக்காளியைத் துண்டு துண்டாக நறுக்கினால் சிறிய வட்டம், பெரிய வட்டம், மறுபடி சிறிய வட்டம் என்று வருவது போல, நாற்பரிமாண உருவம் ஒன்று நம் உலகத்தைக் கடந்து போனால் ஒவ்வொரு நொடியும் என்ன திண்மம் தெரியும் என்று கணித்து, அட்டையில் மாடல் மாடலாகச் செய்தார். நான்கு பரிமாணத்தில் ஒழுங்கான திண்மங்கள் ஆறு மட்டுமே உண்டு என்பதையும் தானாகவே கண்டுகொண்டார். நெதர்லாந்தின் கிரோனிங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் பீட்டர் ஸ்கௌட் அவருடன் பல ஆண்டுகள் சேர்ந்து ஆராய்ந்தார். 1914-இல் அந்தப் பல்கலைக்கழகம் அலிசியா பூல் ஸ்டாட்டுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. கால்குலேட்டர்கூட இல்லாமல், கத்தரிக்கோலையும் அட்டையையும் வைத்துச் செய்த வேலைக்கு!

கம்ப்யூட்டர் இந்த வேலைக்கு வந்தது 1960-களில். பெல் ஆய்வகத்தில் ஏ. மைக்கேல் நோல் சுழலும் டெசராக்டின் படங்களைக் கம்ப்யூட்டரில் கணக்கிட்டு, பிரேம் பிரேமாக பிலிமில் பதிந்து சினிமாவாக ஓட்டினார். 1978-இல் பிரவுன் பல்கலைக்கழகத்தில் தாமஸ் பான்காஃபும் சார்லஸ் ஸ்ட்ராஸும் டெசராக்டின் நிழல்களையும் வெட்டுத் துண்டுகளையும் காட்டும் படம் ஒன்றை எடுத்தார்கள். அன்று பெரிய ஆய்வகங்களால் மட்டுமே முடிந்ததைத்தான் இப்போது உங்கள் ஸ்க்ரோல் பார் செய்துகொண்டிருக்கிறது.

இன்னும் இரண்டு சோதனைகள்

ஒர்க்ஷீட்டை மூடுவதற்கு முன் எச் பத்தியின் பழைய பார்முலாவைத் திரும்பக் கொண்டுவந்து, 3 என்பதைப் பெரிதாக்கிப் பாருங்கள். 6, 10, 50. வெளிச்சம் விலக விலக, உள் பெட்டி வெளிப் பெட்டியின் அளவை நெருங்கும். படம் மொத்தமாகவும் சிறுக்கும். அச்சுகளின் எல்லையைக் குறைத்துப் பெரிதாக்கிக்கொள்ளலாம். டார்ச் நிழல் வெயில் நிழலாக மாறுவதைக் கண்ணெதிரே பார்க்கலாம்.

பிறகு எதிர்த் திசையில் 1.2 என்று வைத்து, பட்டையை 45 டிகிரி வரை இழுங்கள். கோடுகள் திடீரென்று சார்ட்டை விட்டு வெளியே சீறிப் பாயும். சுழலும்போது சில முனைகள் டபிள்யூ திசையில் 1.414 வரை போகின்றன. அதாவது வெளிச்சத்தையே தாண்டிப் பின்னால் போய்விடுகின்றன. எச் மதிப்பு பூஜ்யத்தைக் கடந்து மைனஸ் ஆகிவிடுகிறது. 3டி கேம்களில் கேமராவுக்கு மிக அருகில் வரும் சுவரின் ஒரு பகுதி வெட்டப்பட்டு மறைவதைப் பார்த்திருப்பீர்கள். இந்த விபத்தைத் தவிர்க்கத்தான், கேமராவுக்கு முன்னால் குறிப்பிட்ட தூரத்திற்குள் வரும் எதையும் கிராபிக்ஸ் கார்டு வரைவதில்லை. உங்கள் ஒர்க்ஷீட்டிலும் இஃப் பங்ஷனைப் போட்டு, எச் மதிப்பு 0.1-க்குக் கீழே போனால் 0.1 என்றே வைத்துவிடுங்கள். கோடுகள் நீளும், ஆனால் தலைகீழாகப் பாயாது.